ஊதிய அட்டவணையா, தனிப்பேரமா?

கல்வித் தகுதியையும் பணி ஆண்டுகளையும் மட்டும் கணக்கிடும் அட்டவணை முறையில், ஒரே படிநிலையில் உள்ள ஆண், பெண் ஆசிரியர்களின் அடிப்படை ஊதியம் வேறுபட வழியில்லை. ஆயினும் குழந்தை வளர்ப்புக்கான ஊதியமில்லா விடுப்பு, கூடுதல் பொறுப்புகளுக்கான படிகள் ஆகியவற்றின் வழியே இடைவெளி நுழையக்கூடும். தனித்தனியே பேசி ஊதியத்தை முடிவுசெய்வது திறமையானவர்களை ஈர்க்கும் என்பர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநில அரசுப் பள்ளிகளில் 2011-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழிவிட்டபின், ஒத்த தகுதியும் அனுபவமும் கொண்ட ஆசிரியர்களிடையே, குறிப்பாக இளம் பெண்களுக்குப் பாதகமாக, ஊதிய வேறுபாடு தோன்றியதை ஆய்வு காட்டியது; பெண்கள் குறைவாகவே பேரம் பேசியது அதற்கு ஒரு காரணம். கற்பித்தலோடு தொடர்பே இல்லாத பேரத்திறனுக்குப் பரிசளிப்பதைவிட, விடுப்பையும் பணிக்காலமாகக் கணக்கிடும் திருத்தத்தோடு அட்டவணையையே நான் ஏற்பேன்.