கொஹிபா என்று சொல்லி 640 டாலரைப் பிடுங்கினார்கள்: சுருட்டு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

எரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். அடங்கிவிட்டால் "சரி, போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன். விற்ற ஆளுக்கும் அதுதான் வேண்டும்.

போனது 640 டாலர். பரிசாகக் கொடுப்பதற்காக கியூபாவின் பேர்போன சுருட்டான கொஹிபா ஒரு பெட்டி, பத்துச் சுருட்டு உள்ளது, கேட்டிருந்தேன். வந்தது கியூபாவில் செய்ததும் இல்லை, கொஹிபாவும் இல்லை. பணமும் திரும்பவில்லை. விற்றது இணையத்தில் சுருட்டு மட்டுமே விற்கும் ஒரு கடை. அதற்கென்று தனியாக ஓர் அரட்டைக் குழுவும் வைத்திருக்கிறார்கள். பெயரைப் போடவில்லை. போட்டால் அடுத்த வாரமே வேறு பெயரில் கடை திறப்பார்கள், எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தாலும் வரும். புகையிலை உடம்புக்குக் கேடு என்று அறிவுரை சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும். இது வேறு விஷயம்.

கடைக்காரன் என்னிடம் பேசிய விதத்தைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அவன் விற்றது சுருட்டையே அல்ல.

வீடியோ அழைப்பில் வந்தான். பின்னால் மர அலமாரி, அதில் வரிசையாகப் பெட்டிகள், மூலையில் ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி. ஒரு பெட்டியை எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த பச்சை நிற உத்தரவாதச் சீலைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக் காட்டினான். "சார், இந்த மாதிரி உத்தரவாதச் சீல் 1889-லேயே வந்துவிட்டது" என்றான். அப்புறம் கதை ஆரம்பித்தது. ஃபிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காப்பாளர் ஒருவர் பிடித்துக்கொண்டிருந்த சுருட்டின் வாசனை காஸ்ட்ரோவுக்குப் பிடித்துப்போனது, அதைச் சுருட்டியவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள், ஹவானாவில் எல் லகீட்டோ என்ற மாளிகையில் காஸ்ட்ரோவுக்காகவும் வெளிநாட்டுத் தலைவர்களுக்குப் பரிசு கொடுக்கவும் தனியாகச் சுருட்டு செய்தார்கள், 1966-இல் அதற்குக் கொஹிபா என்று பெயர் வந்தது, 1982 வரை கடையில் காசு கொடுத்து வாங்கவே முடியாது. உள்ளே வைக்கிற இலைகளில் இரண்டை மட்டும் பீப்பாயில் மூன்றாவது முறையும் நொதிக்க வைப்பார்கள்.

கென்னடி கதையும் வந்தது. 1962-இல் கியூபாமீது முழு வர்த்தகத் தடையில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், தன் செய்திச் செயலாளர் பியர் சாலிஞ்சரை அனுப்பிச் சுருட்டு வாங்கிவரச் சொன்னார். அவர் 1200 சுருட்டோடு வந்து நின்ற பிறகுதான் கையெழுத்து விழுந்தது. சாலிஞ்சரே பிற்பாடு சொன்ன கதை இது.

அழைப்பு முடிந்ததும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. அந்த ஆள் வரலாற்றில் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. பெட்டி மட்டும்தான் பொய்.

விலையையும் சமர்த்தாகச் சமாளித்தான். "மற்ற இடங்களில் இவ்வளவு அதிகம் கேட்கிறார்களே, உங்களுக்கு மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது?" என்று கேட்டேன். அதற்கும் கையில் உண்மையான பதில் ஒன்று தயாராக இருந்தது. கியூபா சுருட்டுகளை உலகம் முழுக்க விற்கும் ஹபானோஸ் நிறுவனம் 2022-இல் கொஹிபாவுக்கும் டிரினிடாட் என்ற இன்னொரு கியூபா சுருட்டுக்கும் எல்லா நாட்டிலும் கிட்டத்தட்ட ஒரே விலை என்று மாற்றியது. பல நாடுகளில் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஆடம்பரக் கைக்கடிகாரங்கள் இருக்கிற அலமாரிக்கு இந்த இரண்டு பெயர்களையும் தூக்கி வைப்பதுதான் கணக்கு. "நம்மிடம் இருப்பது விலை ஏறுவதற்கு முந்தைய சரக்கு சார், பெட்டியின் அடியில் தேதியே இருக்கும்" என்றான். 640 டாலர் அனுப்பினேன்.

இந்த வியாபாரத்தில் கதைக்கு இத்தனை மதிப்பு ஏன் என்று இப்போது புரிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை 2005-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகள் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்ய வேண்டும். தொலைக்காட்சியும் சுவரொட்டியும் இல்லையென்றால் மிச்சம் என்ன? பெட்டி, பெட்டிமேல் இருக்கும் படம், சுருட்டைச் சுற்றியிருக்கும் காகித பேண்ட், அப்புறம் வாய்வழிக் கதை. 1992-இல் அமெரிக்காவில் சுருட்டுக்கென்றே ஒரு பளபளப்பான பத்திரிகை வந்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட ஆரம்பித்தது, தொண்ணூறுகளில் அங்கே சுருட்டு மோகம் தலைக்கேறியது. அதிலிருந்து "தொண்ணூறுக்கு மேல்" என்பது ஒரு மந்திரம். அந்தக் கடையின் பக்கத்திலும் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒரு மதிப்பெண் இருக்கிறது. யார் போட்டார்கள் என்று மட்டும் எங்கேயும் இல்லை.

பார்சல் வந்தது. பெட்டி பார்வைக்குக் கச்சிதம். திருப்பிப் பார்த்தால்தான் வண்டவாளம். அசல் பெட்டியின் அடியில் 'கியூபாவில் செய்தது', 'முழுக்கக் கையால்' என்று ஸ்பானிஷில் மரத்தில் சூடு போட்டிருப்பார்கள், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். இதில் வழுவழுவென்று இருந்தது, அச்சடித்த மை. பக்கத்தில் தொழிற்சாலைக் குறியீடும் மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். அது அசலிலும் மைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் மாதம் ஸ்பானிஷ் சுருக்கத்தில் இருக்க வேண்டும். ஜனவரி என்றால் எனெரோ, அதன் முதல் மூன்று எழுத்து. என் பெட்டியில் ஆங்கிலத்தில் ஜே ஏ என் என்று போட்டிருக்கிறார்கள்! மாதப் பெயரைக்கூட மாற்றத் தெரியாதவன் எனக்கு எல் லகீட்டோ பாடம் எடுத்திருக்கிறான்.

பேண்டைப் பார்த்தேன். கறுப்புப் பின்னணியில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டங்கள் வரிசையாக இருக்கும். இதில் மேல் வரிசை ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டிருந்தது, அதுவும் சுருட்டுக்குச் சுருட்டு ஒவ்வொரு மாதிரி. 2009 முதல் சீலில் ஹாலோகிராமும் பார்கோடும் உண்டு, அந்த எண்ணை ஹபானோஸின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். போட்டுப் பார்த்தேன். அப்படி ஓர் எண்ணே இல்லை.

எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பினேன். இதன் பிறகு நடந்ததுதான் 640 டாலரைவிட அதிகம் எரிகிறது.

முதல் பதில், "வழியில் ஈரம் பட்டிருக்கும் சார்." ஈரம் பட்டால் ஜனவரி ஆங்கிலத்துக்கு மாறிவிடுமா என்று கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டபோது வேறொருவர் வந்தார், 'வாடிக்கையாளர் சேவை' என்று சொல்லிக்கொண்டு. அவருக்கு என் படங்கள் எதுவும் கிடைக்கவில்லையாம், எல்லாவற்றையும் திரும்ப அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். அப்புறம் அதே பழைய ஆள் வந்து ஒரு போடு போட்டான்: "நீங்கள் கொஹிபா கேட்டீர்கள், கொஹிபா வந்திருக்கிறது. டொமினிகன் கொஹிபாவும் அசல்தானே ப்ரோ?"

பணம் போகும்வரை சார், போன பிறகு ப்ரோ.

இந்த இடத்தில்தான் இந்தத் தொழிலின் பெரிய ஓட்டை இருக்கிறது. 1959 புரட்சிக்குப் பின், 1960-இல் கியூபா அரசு சுருட்டுத் தொழிற்சாலைகளை எடுத்துக்கொண்டது. பழைய முதலாளிகள் பலர் நாட்டை விட்டுப் போய், பெயரின் உரிமையைக் கோரினார்கள், அல்லது விற்றார்கள். அதனால் மான்டிகிறிஸ்டோ, ரோமியோ இ ஜூலியெட்டா, பார்ட்டகாஸ் என்று பல பெயர்கள் இரட்டை வாழ்க்கை வாழ்கின்றன. கியூபாவில் செய்வது ஒன்று, அமெரிக்கச் சந்தைக்காக டொமினிகன் குடியரசிலோ ஹோண்டுராஸிலோ செய்வது இன்னொன்று. ஒரே பெயர், வேறு நிறுவனம், வேறு இலை. கொஹிபா புரட்சிக்குப் பிறகு பிறந்த பெயர், ஆனாலும் அமெரிக்காவில் அதை வேறொரு நிறுவனம் பதிவு செய்துகொண்டது. 1997-இல் தொடங்கிய வழக்கில், 2022 டிசம்பரில்தான் அங்குள்ள வர்த்தக முத்திரை வாரியம் அந்தப் பதிவை ரத்து செய்யச் சொன்னது, அதற்கு மேலும் வழக்கு நடந்தது. டொமினிகன் சுருட்டு மட்டம் என்று நான் சொல்லவில்லை. டேவிடாஃப் என்ற சுருட்டு நிறுவனம் கியூபாவோடு முறுக்கிக்கொண்டு, தரம் சரியில்லை என்று 1989-இல் 1,30,000-க்கும் மேற்பட்ட சுருட்டுகளை எரித்துவிட்டு, டொமினிகன் குடியரசுக்கே போய்விட்டது. டேவிடாஃபின் வெள்ளை பேண்டுக்கு மவுசு குறையவில்லை. அதெல்லாம் நேர்மையாகச் சொல்லி விற்பது. என் பெட்டியின் அடியில் 'கியூபாவில் செய்தது' என்று எழுதிவிட்டு, மாட்டிக்கொண்டதும் டொமினிகன் என்றால் அது வேறு. டொமினிகன் கொஹிபாவின் பேண்டே வேறு மாதிரி இருக்கும், அதுவாகவும் இது இல்லை.

இதைச் சொன்னதும் மூன்றாவது சாக்கு: புகையிலைப் பொருளைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பணம் அனுப்பும் சேவையிடம் போனேன். கடைக்காரன் ஆரம்பத்திலேயே "நண்பருக்கு அனுப்புவதாகப் போடுங்கள் சார், கட்டணம் மிச்சம்" என்று சொல்லியிருந்தான். எதற்கு என்று இப்போது தெரிகிறது. அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாதாம். வங்கியைக் கேட்டால், நீங்களே ஒப்புதல் கொடுத்த பரிமாற்றம்தானே என்கிறார்கள். மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழுவில் விஷயத்தைப் போட்டேன், பதிவு காணாமல் போனது, பின்னாலேயே நானும் நீக்கப்பட்டேன். நீக்குவதற்குள் "உங்களுக்குச் சுருட்டு பற்றித் தெரியாது" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு பேரும் கடைக்காரனேதான் என்று நினைக்கிறேன்.

இனி வாங்குகிறவர்களுக்கு என்று நிதானமாகப் பெரிய பட்டியலே எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பொறுமை இல்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கொஹிபா என்று யாராவது காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள், அப்படி ஒரு பெட்டியே அவர்கள் செய்வதில்லை. பெட்டியின் அடிப்பக்கத்தையும் சீல் எண்ணையும் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். எண்ணை மறைத்துப் படம் அனுப்பினால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். எண் சரியாக வந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம், அசல் எண்ணைப் போலிப் பெட்டியில் ஒட்டுகிறவர்களும் உண்டு. 'கியூபா விதை' என்று போட்டிருந்தால் வேறு நாட்டில் விளைந்த இலை என்று அர்த்தம். நிகரகுவாவின் பட்ரோன் போன்றவர்கள் சில வரிசைகளில் ஒவ்வொரு சுருட்டின் பேண்டிலும் தனி எண் போடுகிறார்கள், எல்லாச் சுருட்டிலும் ஒரே எண் இருந்தால் போலி. நாட்டுக்கு நாடு ஹபானோஸ் அங்கீகரித்த விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், விலை அதிகமானாலும் அங்கேயே போங்கள். 'நண்பருக்கு' என்று பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

இன்னும் இருக்கிறது, இப்போது எழுத முடியவில்லை. 640 டாலருக்கு வங்கியிலிருந்து ஏதாவது பதில் வந்தால் இதிலேயே சேர்க்கிறேன்.