ஒரே வெள்ளிக்கிழமை, இரண்டு படங்கள்: வாழையா, கொட்டுக்காளியா?

2024 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. மாரி செல்வராஜின் ‘வாழை’, பி.எஸ்.வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ இரண்டும் அன்றுதான் திரைக்கு வந்தன. வாழை பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். கொட்டுக்காளி பார்த்தவர்களில் பலர் ‘என்னப்பா, அவ்வளவுதானா?’ என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்கள். ஓடிடியில் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்த பிறகு எழுதுகிறேன். எனக்கு அதிகம் பிடித்தது வாழை. ஆனால் பெரிய படம் எது என்று கேட்டால், கொட்டுக்காளி என்றுதான் சொல்வேன்.

வாழையின் கதை எல்லோருக்கும் தெரியும். மாரி செல்வராஜின் சிறுவயதிலிருந்தே வந்த கதை. தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம், 1990களின் பிற்பகுதி. பள்ளியில் முதல் மாணவனாக இருக்கும் சிவனணைந்தான், சனி ஞாயிறு வந்தால் அம்மா, அக்காவோடு வாழைத்தார் சுமக்கப் போக வேண்டும். பூங்கொடி டீச்சரைப் பார்க்க ஐந்து நாள் பள்ளி, கழுத்து ஒடிய இரண்டு நாள் வேலை. நண்பன் சேகரோடு ரஜினியா கமலா என்று ஓயாத சண்டை. முதல் பாதி முழுக்கச் சிரித்துக்கொண்டே பார்க்கலாம். டீச்சர் மீது அந்தப் பையனுக்கு இருக்கும் பிரியம் தேவையா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு அது படத்தின் உயிர். அந்தப் பிரியம் இல்லாவிட்டால் அவன், லாரி கவிழ்ந்த அன்றைக்கு, வேலைக்குப் போகாமல் நடனப் பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டான். கதையே வேறாகியிருக்கும்.

இந்தப் படத்தில் நான் மிகவும் மதிப்பது கூலிப் பேச்சைத்தான். தார் ஒன்றுக்கு ஒரு ரூபாய். சேற்றில் இறங்கி, தலையில் ஏற்றி, வரப்பில் தடுமாறி, லாரி வரைக்கும் கொண்டு போய்ச் சேர்க்க ஒரு ரூபாய். அதை இரண்டு ரூபாயாக்கக் கேட்டு, தார் சுமப்பவர்களில் ஒருவனான கனி நிற்கிறான். வெட்டிய தார் காத்திருக்காது என்பதால் வியாபாரியும் வேறு வழியில்லாமல் ஒத்துக்கொள்கிறார். ஜெயித்துவிட்டார்கள் என்று நாமும் நினைக்கிறோம். அப்புறம் அந்த ஒரு ரூபாயை ஈடுகட்ட அவர் என்ன செய்கிறார்? ஆட்களுக்குத் தனி வண்டி கிடையாது, தார் ஏற்றிய லாரியின் மேலேயே உட்கார்ந்து போகட்டும் என்கிறார். லாரி கவிழ்கிறது. இதைப் படம் வசனமாகச் சொல்லி விளக்குவதில்லை. எல்லாக் கணக்கையும் நம் கண் முன்னாலேயே நடத்திக் காட்டிவிட்டு நகர்கிறது. தமிழ்ப் படங்களில் கூலி உயர்வு என்றால் பெரும்பாலும் ஒரு முழக்கம், ஒரு பாட்டு, ஒரு வெற்றி. அந்த வெற்றிக்கு மறுவாரம் என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்று இவ்வளவு துல்லியமாகச் சொன்ன படம் எனக்கு வேறு நினைவில்லை.

குறையும் அங்கேதான் தொடங்குகிறது. விபத்துக்குப் பிறகு படம் நம்மைத் தனியே விடுவதில்லை. ஒப்பாரி, சந்தோஷ் நாராயணனின் இசை, வரிசையாக உடல்கள், மறுபடி ஒப்பாரி. ‘பாதவத்தி’ பாட்டு தனியாகக் கேட்டாலே நெஞ்சைப் பிசையும். ஆனால் அந்தப் பையன் பசி தாங்காமல், அத்தனை சாவுக்கு நடுவில், ஒரு கை சோறு தின்ன வீட்டுக்குள் நுழையும் இடம் ஒன்றே போதும். அதற்கு எந்த இசையும் வேண்டாம். அழ வைத்தே தீருவது என்று படம் நிற்கும்போது, ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் எனக்கு ஒரு சின்ன விலகல் வந்தது உண்மை.

கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. மதுரைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, மீனா என்ற பெண்ணை ஷேர் ஆட்டோவில் ஏற்றி, பேய் ஓட்டும் சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. கூடவே பைக்குகளில் ஆண்கள். அவளைப் பிடித்த பேய் வேறொன்றும் இல்லை, தாழ்த்தப்பட்ட சாதிப் பையன் ஒருவன் மேல் வந்த காதல். அவளைக் கட்டிக்கப் போகிற முறைமாமன் பாண்டியாக சூரி. தொண்டை கட்டிப்போன கரகரத்த குரல், கழுத்தில் சுண்ணாம்பு, ஒவ்வொரு வார்த்தைக்கும் வலி. ஊரே அவன் சொல் கேட்கிறது, அவனுக்கோ பேசவே முடியவில்லை. மீனாவாக வரும் அன்னா பென் படம் முழுக்கக் கிட்டத்தட்ட பேசுவதே இல்லை.

பயணம்தான் படம். வழியில் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு கேட்கிறது, மீனாவின் உதடு அதை முணுமுணுக்கிறது. அதைப் பார்த்த பாண்டி வெறி பிடித்தவனாக அவளை அடிக்கிறான், தடுக்க வந்த பெண்களை அடிக்கிறான், கைக்குக் கிடைத்த எல்லோரையும் அடிக்கிறான். அதைப் பார்த்தபோது எனக்கு மூச்சு அடைத்தது. இசை இருந்திருந்தால் அது ஒரு ‘சீன்’ ஆகியிருக்கும். இப்போது அடி விழும் சத்தமும் மூச்சிரைப்பும் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் மறுபடி ஆட்டோவில் ஏறிக்கொள்கிறார்கள், வண்டி கிளம்புகிறது. அடித்தது எவ்வளவு கொடுமையோ, அதற்கு மேல் கொடுமை அந்தச் சகஜம்.

இங்கேதான் இரண்டு படமும் பிரிகின்றன. வாழை நம்மைப் பாதிக்கப்பட்டவன் பக்கத்தில் உட்கார வைக்கிறது. நாம் அவனோடு அழுகிறோம். தார் ஏற்றிய லாரியில் ஆட்களையும் ஏறச் சொன்ன அந்த வியாபாரியை, நம்மில் யாரும் நாமாக நினைத்துக்கொள்வதில்லை. கொட்டுக்காளி நம்மை அந்த ஆட்டோவுக்குள் குடும்பத்தோடு ஏற்றிவிடுகிறது. வெயிலுக்குப் பயந்து முந்தானை போட்டுக்கொள்ளும் அத்தை, வழியில் டீ குடிக்கலாமா என்று யோசிக்கும் சித்தப்பா, எல்லோரும் நமக்குத் தெரிந்த முகங்கள். கல்யாண வீட்டில் நம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். யாருக்கும் தான் தப்பு செய்கிறோம் என்ற எண்ணமே இல்லை. பெண்ணுக்கு நல்லது செய்வதாகவே நினைக்கிறார்கள். சாதியைப் பற்றி எத்தனையோ படங்கள் கோபமாகப் பேசியிருக்கின்றன. சாதி நம் வீட்டுப் பாசத்துக்குள் எப்படிப் புழங்குகிறது என்று இந்த அளவுக்குக் கிட்டே போய்க் காட்டியவை குறைவு.

அதற்காக எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். பலி கொடுக்கக் கொண்டு போகும், காலைக் கட்டிவைத்த சேவலும் மீனாவும் ஒன்று என்று முதல் தடவையே புரிந்துவிடுகிறது, திரும்பத் திரும்பக் காட்டத் தேவையில்லை. பெரிய ஆண்களெல்லாம் கிட்டே போகப் பயப்படும் மாட்டை ஒரு சின்னப் பெண் சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகும் காட்சி மட்டும் அபாரம். அதோடு மீனாவின் மனசுக்குள் போக இன்னும் ஒரு வாசல் திறந்திருக்கலாம். வாழையில் அக்கா வேம்பு, பூங்கொடி, அம்மா மூவரும் ரத்தமும் சதையுமாக இருக்கிறார்கள். மீனா சில இடங்களில் ஒரு கருத்தாகவே நின்றுவிடுகிறாள்.

நடிப்பில் போட்டி வைத்தால் என் ஓட்டு வாழையின் இரண்டு சிறுவர்களுக்கும் சூரிக்கும். பரோட்டா காமெடியில் நாம் சிரித்த அதே முகமா இது என்று பாண்டியைப் பார்த்துத் திகைத்துப் போனேன்.

பெர்லின் பட விழாவில் திரையிடப்பட்ட கொட்டுக்காளியைத் தியேட்டரில் விட்டிருக்கவே கூடாது, நேராக ஓடிடிக்குக் கொடுத்திருக்கலாம் என்று அப்போது ஒரு பேச்சு எழுந்தது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஆட்டோ இரைச்சல், சேவலின் சத்தம், காற்று என்று ஒலியாலேயே கட்டிய படம் அது. போனில் பார்த்தால் பாதிப் படம் காணாமல் போய்விடும். முடிவு புரியவில்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கடைசியில் அந்தச் சாமியாடி வேறொரு பெண்ணைத் தொட்டு என்ன செய்கிறான் என்பதைப் பாண்டி நின்று பார்க்கிறான். மீனாவை உள்ளே அனுப்புவானா, திரும்பக் கூட்டிப் போவானா? படம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாண்டியை மன்னித்துவிட்டோ சபித்துவிட்டோ நாம் எழுந்து போயிருப்போம்.

ஆகவே, குடும்பத்தோடு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பார்ப்பதென்றால் வாழை. ஒரு சீப்பு வாழைப்பழம் கடைக்கு எப்படி வருகிறது என்று அவர்கள் தெரிந்துகொள்ளட்டும். வீட்டில் ஒரு பெண்ணின் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தால், அவளைத் தவிர மற்ற எல்லோரையும் கொட்டுக்காளி பார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக அவளுடைய மாமன்களை.