"கனெக்ட் ஆயிடுச்சு பாருங்க" என்று காட்டி 40,000 வாங்கிவிட்டார்கள்: விபிஎன் வேலை கொடுக்கும் முன் படியுங்கள்

ஃப்ரீலான்ஸ் ஆட்களைப் பிடித்துத் தரும் ஒரு தளம். பெயர் போடவில்லை. ஆள் பெரிய ரேட்டிங்கோடுதான் இருந்தார். நான் கேட்ட வேலை இது: ஆபீஸ் நெட்வொர்க்குக்குக் காவலாக நிற்கும் ஃபயர்வாலில் ரிமோட் விபிஎன், அதாவது வெளியிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி. ஆக்டிவ் டைரக்டரி (ஏடி, ஆபீஸ் அக்கவுண்ட்களும் குரூப்களும் இருக்கும் மைக்ரோசாஃப்ட் பட்டியல்) பாஸ்வேர்டோடு ஓடிபியும் போட்டால்தான் உள்ளே விட வேண்டும், அதுவும் விபிஎன் குரூப்பில் இருப்பவர்களை மட்டும். பேசிய தொகை 40,000.

நம்பிக்கை வந்த இடம் ஸ்க்ரீன் ஷேர். வெளி நெட்வொர்க்கிலிருந்து பெயர், பாஸ்வேர்டு, ஆறு இலக்க ஓடிபி என வரிசையாகப் போட்டார், கனெக்ட் ஆனது. தப்பான பாஸ்வேர்டு போட்டார், மறுத்தது. "எல்லாம் பக்கா சார், பேமென்ட் ரிலீஸ் பண்ணிடுங்க" என்றார். 40,000 போனது. வர வேண்டியவர் வருகிறார் என்பதை மட்டும் காட்டிய டெமோ அது. வரக் கூடாதவரை வாசலிலேயே நிறுத்துகிறதா என்பதைக் காட்டவே இல்லை.

கான்ஃபிகைத் திறந்து பார்த்தால் வயிறு எரிகிறது. விபிஎன் யூசர் குரூப்பில் எல்டாப் சர்வரை (ஃபயர்வால் ஏடியிடம் கேட்டுச் சரிபார்க்கும் வழி) சேர்த்திருக்கிறார், ஆனால் எந்த ஏடி குரூப் என்ற கட்டம் காலி. காலியாக விட்டால் ஏடியில் பாஸ்வேர்டு உள்ள எந்த அக்கவுண்டும் நுழையலாம். பிரிண்டர் ஸ்கேனுக்கு வைத்திருக்கும் சர்வீஸ் அக்கவுண்ட்கூட நுழைகிறது, ஓடிபி இல்லாமல்! ஏனென்றால் ஓடிபியை ஃபயர்வாலில் தனித்தனியாக உருவாக்கிய யூசர் பெயர்களோடு மட்டும்தான் கட்டியிருக்கிறார்.

இதைவிட மோசம் அடுத்தது. அதே யூசர் பெயரில் ஒரு எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்தால் ஓடிபியே கேட்பதில்லை. ஃபயர்வால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கிறது, ஏடி பார்ப்பதில்லை. எனவே ஓடிபி கட்டிய பெயரோடு பொருந்தாமல், நேராக எல்டாப் குரூப் வழியாக பாஸ்வேர்டு மட்டும் சரிபார்த்து உள்ளே விட்டுவிடுகிறது. இது புது ஓட்டை இல்லை. ஃபோர்டிகேட் ஃபயர்வாலின் இந்த ஓட்டை, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2020-12812 என்று 2020-லேயே எண் போட்டு வெளியானது, அந்த எழுத்து வேறுபாடு பார்ப்பதை அணைக்க செட்டிங்கும் உண்டு. இந்த வேலைக்குக் காசு வாங்குபவருக்குத் தெரியாதா?

எல்டாப் பைண்டுக்கு, அதாவது ஃபயர்வால் ஏடியில் லாகின் ஆகித் தேடுவதற்கு, எல்லா உரிமையும் உள்ள டொமைன் அட்மின் அக்கவுண்டைப் போட்டிருக்கிறார். படிக்க மட்டும் உரிமையுள்ள சாதாரண அக்கவுண்ட் போதும். அதுவும் போர்ட் 389-ல், என்க்ரிப்ஷன் இல்லாமல். பாஸ்வேர்டு அப்படியே ஒயரில் ஓடுகிறது. என்க்ரிப்ஷன் உள்ள போர்ட் 636-க்கு மாற்றி, ஏடி சர்வர் அசல்தானா என்று சரிபார்க்க உதவும் சிஏ சர்டிஃபிகேட்டை ஏற்ற எவ்வளவு நேரம் ஆகும்? போதாததற்கு 'டெஸ்ட்' என்றொரு லோக்கல் யூசரும் விபிஎன் குரூப்பிலேயே கிடக்கிறது.

கேட்டதற்கு வந்த பதில்: "ஃபயர்வால் சைடு ஓகே சார், உங்க ஏடி சைடு இஷ்யூ." பாஸ்வேர்டு சரியா, யார் எந்தக் குரூப் என்பதைத்தான் ஏடி சொல்லும், அதைக் கேட்டு யாரை விடுவது என்று முடிவெடுப்பது ஃபயர்வால். அடுத்து, "ரேடியஸுக்கு மாத்தினா சரியாயிடும், இன்னொரு 15,000 ஆகும்." ரேடியஸ் என்பது லாகினைச் சரிபார்க்கும் இன்னொரு முறை, அதிலும் குரூப்பைக் கட்டாமல் விட்டால் இதே கதைதான். தளத்தில் புகார் கொடுத்தால், "பேமென்ட் ரிலீஸ் ஆகிவிட்டது, டிக்கெட் க்ளோஸ்டு." 40,000-க்கு ஒரு வரி பதில்.

விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை. பணம் விடுமுன் இவற்றையாவது உங்கள் கண் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள்: குரூப்பில் இல்லாத ஏடி யூசரால் லாகின் ஆகக் கூடாது. பெயரைப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றி அடித்தாலும் ஓடிபி கேட்க வேண்டும். லோக்கல் யூசர் பட்டியலை முழுதாகத் திறந்து காட்ட வேண்டும். ரேடியஸ் என்றால் மெசேஜ்-ஆதென்டிகேட்டர் (ரேடியஸ் செய்தியை நடுவில் யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்கும் முத்திரை) கட்டாயமா என்று பாருங்கள், 2024-ல் வெளிவந்த பிளாஸ்ட்-ரேடியஸ் என்ற தாக்குதலுக்குப் பிறகு அது இல்லாமல் விடக் கூடாது. போனில் அப்ரூவ் தட்டும் முறை என்றால் டைம்அவுட்டையும் (ஃபயர்வால் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) கூட்டச் சொல்லுங்கள். ஐந்து வினாடியில் யாரும் போனை எடுத்துத் தட்டி முடிக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே இப்படி யாரிடமாவது வேலை கொடுத்திருந்தால் ஃபயர்வால் அட்மின் பாஸ்வேர்டு, பைண்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்டு இரண்டையும் இன்றைக்கே மாற்றுங்கள். கான்ஃபிக் பேக்கப் அந்த ஆளிடம் இருக்கும், ப்ரீ-ஷேர்டு கீயையும் (விபிஎன்னின் இரு பக்கமும் பொதுவாக வைக்கும் ரகசியச் சொல்) சேர்த்து மாற்றுங்கள்.