4800 போச்சு: ஆர்சி சிமுலேட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் இதைப் படித்துவிடுங்கள்

கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதவே மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். ஆர்சி விமானம், அதாவது தரையில் நின்று ரிமோட்டில் ஓட்டும் குட்டி விமானம், ஓட்டிப் பழக கணினியில் ஓடும் சிமுலேட்டர் ஒன்று வாங்கினேன். 4800 கொடுத்தேன். இப்போது மேஜையில் கிடப்பது ஓர் ஒயரும் ஒரு சிடியும்தான். எதைப் பார்த்து சிமுலேட்டர் வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

சிமுலேட்டர் எதற்கு, நேராக விமானத்தை ஓட்டிப் பழக வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் அதுவும் வலப்பக்கம் சாயும். அதே விமானம் மூக்கை நம் பக்கம் திருப்பி வரும்போது வலப்பக்கம் தள்ளினால், நம் கண்ணுக்கு அது இடப்பக்கம் போகும். இது மூளைக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. விரல் அதைக் கற்பதற்குள் விமானம் தரையில் குத்தி நிற்கும். சிமுலேட்டரில் குத்தினால் ஒரு பட்டனை அழுத்தி மறுபடி கிளப்பலாம். பெரிய விமானங்களை காக்பிட்டில் உட்கார்ந்து ஓட்டும் கணினி விளையாட்டுகள் இதற்கு உதவாது. இங்கே நாம் தரையில் ஓரிடத்தில் நின்றுகொண்டு பார்க்க வேண்டும். கேம்பேடும் சரிப்படாது. அதில் விரலை எடுத்ததும் ஸ்டிக் நடுவுக்கு ஓடி வந்துவிடும், நிஜ ரிமோட்டில் த்ராட்டில், அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக், வைத்த இடத்திலேயே நிற்கும். அதனால் நம் சொந்த ரிமோட்டையே கணினியில் இணைப்பதுதான் முறை. அதற்கு ஒரு கேபிள் வேண்டும். என்னை ஏமாற்றியவன் மாதிரி ஆட்கள் நுழைவது அந்தக் கேபிள் வழியாகத்தான்.

புதியது, பழையது எல்லாம் விற்கும் ஒரு தளம். பெயர் வேண்டாம். "22 சிமுலேட்டர், ஒரிஜினல் லைசென்ஸ், கேபிளுடன், வாழ்நாள் முழுக்க அப்டேட்" என்று விளம்பரம். இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவன் நான். ஆனாலும் ஒரு சந்தேகம் கேட்போமே என்று செய்தி அனுப்பினேன். விற்பவனிடமிருந்து உடனே வந்த பதில் விலை இல்லை, ஒரு கேள்வி.

"ப்ரோ, உங்க ரிமோட் மோட் 1ஆ, மோட் 2ஆ?"

த்ராட்டில் வலது கையில் இருந்தால் மோட் 1, இடது கையில் இருந்தால் மோட் 2. விமானம் ஓட்டாதவனுக்கு இந்தக் கேள்வி வாயில் வராது. அடுத்து, "பின்னாடி ட்ரெய்னர் போர்ட் எப்படி இருக்கு? 3.5 ஜாக்கா, இல்ல உருண்டையா 4 பின்னா?" ட்ரெய்னர் போர்ட் என்பது ரிமோட்டின் பின்னால் கேபிள் செருகும் துளை. என்னுடையது ஆரம்பத்தில் பலரும் வாங்கும் ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட், அதில் உருண்டை போர்ட்தான். படம் எடுத்து அனுப்பச் சொன்னான், அனுப்பினேன். "இதுக்குத் தனி அடாப்டர் வேணும் ப்ரோ. நானே சேர்த்து வச்சுடறேன், அதுக்குக் காசு வேண்டாம்." கூடவே தன் விமானம் தாழப் பறந்து வந்து புல்லில் இறங்கும் வீடியோ ஒன்று. இறக்கமும் சுத்தமாகத்தான் இருந்தது. அது அவன் விமானமா, யார் வீட்டு விமானமோ!

"லைசென்ஸ் என் பேர்லயே வருமா?" என்று கேட்டேன். "உங்க பேர்ல, உங்க மெயில்ல, கியாரண்டி ப்ரோ" என்றான். 4800 அனுப்பினேன்.

பார்சல் வந்தது. குமிழ் கவருக்குள் சுருட்டிய கேபிள், நடுவில் கறுப்பாக விரல் அளவில் ஒரு டாங்கிள், ரிமோட்டின் சிக்னலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் சின்னப் பெட்டி. அதன் விளிம்பில் நகத்தால் தள்ளும் சின்ன சுவிட்ச், பக்கத்தில் தேய்ந்துபோன எழுத்தில் எக்ஸ்டிஆர், ஜி7, எஃப்எம்எஸ் என்று சிமுலேட்டர் பெயர்கள் ஒட்டியிருந்தன. சிடியின் மேல் மார்க்கரில் "சிம்" என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். லைசென்ஸ் என்று எதுவும் இல்லை. அடாப்டரும் இல்லை! என் ரிமோட்டுக்குப் பொருந்தும் அடாப்டரை வேறு இடத்தில் தனியாக வாங்கினேன். அந்தச் செலவு இந்த 4800 போகத் தனி.

என் லேப்டாப்பில் சிடி போட வழியில்லை, நண்பரிடம் டிரைவ் இரவல் வாங்கினேன். திறந்த உடனேயே ஆன்டிவைரஸ் கத்த ஆரம்பித்தது. உள்ளே வெவ்வேறு ஃபோல்டர்களில் பழைய பதிப்புகள், ஒவ்வொன்றிலும் "கிராக்" என்று ஒரு ஃபோல்டர், லைசென்ஸ் பூட்டை உடைக்கும் சரக்கு. அந்த 22இல் ஒன்று எஃப்எம்எஸ். அது முன்பிருந்தே இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள், அதையும் எண்ணிக்கையில் சேர்த்து விற்றிருக்கிறான். இன்னொன்று ஃபீனிக்ஸ், அதன் விற்பனையையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள், பிறகு எங்கிருந்து வாழ்நாள் அப்டேட்? டாங்கிளின் சூட்சுமமும் அப்புறம்தான் புரிந்தது. ரியல்ஃப்ளைட் என்ற சிமுலேட்டரின் பழைய பதிப்புகள், இன்டர்லிங்க் கன்ட்ரோலர் போன்ற அவர்களுடைய சொந்தக் கருவி செருகியிருந்தால்தான் ஓடும். அந்தச் சுவிட்சைத் தள்ளினால் இந்த டாங்கிள் தன்னை அந்தக் கன்ட்ரோலர் என்று சொல்லிக்கொள்ளும். லைசென்ஸ் என்று என்னிடம் விற்றது இந்த வேஷத்தைத்தான்.

சரி, கேபிளாவது உருப்படியா என்று பார்த்தேன். விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் சோதனைப் பக்கத்தைத் திறந்து, ரிமோட்டை மேஜையில் வைத்துக் கையை எடுத்துவிட்டேன். திரையில் இருந்த சிலுவைக் குறி அசையாமல் நிற்க வேண்டும். அது துடித்துக்கொண்டே இருந்தது. ட்ரெய்னர் போர்ட்டிலிருந்து வருவது பிபிஎம் சிக்னல். ஸ்டிக்கின் ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு சேனல். சுமார் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை எல்லா சேனல்களும் வரிசையாக வரும், ஒவ்வொன்றின் நீளமும் ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிசெகண்டுக்குள். அந்த நீளத்தை நுணுக்கமாக அளக்கத் தெரியாத டாங்கிள் இப்படித்தான் நடுங்கும். ரிமோட்டில் கோளாறு இல்லை என்று எப்படித் தெரியும்? அதே ரிமோட்டில் என் விமானத்தின் செர்வோக்கள், அதாவது இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்கள், ஆடாமல் அசையாமல் நிற்கின்றன. எஃப்எம்எஸ்ஸை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். விமானம் கிளம்பியதும் தானாக வலப்பக்கம் உருண்டது. இதில் பழகினால் இல்லாத கோளாறைத் திருத்தத்தான் விரல் பழகும்.

இனி அவன் பதில்கள். "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க சார்." லைசென்ஸ் எங்கே என்று கேட்டேன். "டாங்கிள்தான் சார் லைசென்ஸ்." என் பெயரில் வரும் என்றீர்களே? "அது புது பேட்ச் சார், உங்களுக்கு வந்தது பழைய ஸ்டாக்." சரி, புதியதை அனுப்புங்கள். "டீம்ல சொல்லியிருக்கேன், ரெண்டு நாள் டைம் குடுங்க சார்." அந்த இரண்டு நாள் இரண்டு நாளாகவே நீண்டது, பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு தாண்டும் வரை. கெடு தாண்டிய மறுநாளிலிருந்து நீல டிக் மட்டும் வருகிறது, பதில் வருவதில்லை.

தளத்திடம் புகார் கொடுத்தேன். அவர்கள் கதை இன்னும் அழகு. கேபிள் வந்ததா? வந்தது. சிடி வந்ததா? வந்தது. அப்படியென்றால் "விளக்கத்தில் உள்ள பொருள் வாடிக்கையாளருக்குக் கிடைத்துவிட்டது." திருட்டு மென்பொருள் விற்கிறான் என்று ஸ்க்ரீன்ஷாட்டோடு அனுப்பினேன். மென்பொருளை ஒரு முறை திறந்துவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். திறக்காமல் அது திருட்டுச் சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று சொல்லிப் புகாரை மூடிவிட்டார்கள். 4800! கருத்துக்கு நன்றியாம்.

எந்த சிமுலேட்டரில் காற்று எப்படி, எதில் ஹெலிகாப்டர் நன்றாக இருக்கும் என்று ஒப்பிட்டு எழுதுவதாக இருந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான். ஒன்றுக்கு மேற்பட்ட சிமுலேட்டர்களை ஒரே டாங்கிளில் "லைசென்ஸோடு" தருவதாக எவன் சொன்னாலும் நம்பாதீர்கள். மென்பொருளைத் தனியாக, அதைத் தயாரிப்பவர்களிடமிருந்தோ ஸ்டீம் போன்ற இணைய விளையாட்டுக் கடையிலிருந்தோ வாங்குங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். பிடிக்குமா என்று பார்க்க பிகாசிம் இருக்கிறது, சிஆர்ஆர்சிசிம் இருக்கிறது, இரண்டுமே இலவச சிமுலேட்டர்கள். கேபிள் வந்த அன்றே சோதனைப் பக்கத்தில் சிலுவை நடுங்குகிறதா பாருங்கள். நடுங்கினால் அன்றே திருப்பி அனுப்புங்கள், "ரெண்டு நாள்" கொடுக்காதீர்கள். இனிமேல்தான் ரிமோட் வாங்கப் போகிறீர்கள் என்றால் எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் உள்ளே ஓடும் ரிமோட்டாகப் பாருங்கள். யூஎஸ்பி ஒயரைச் செருகினால் கணினி அதை ஜாய்ஸ்டிக்காகவே எடுத்துக்கொள்ளும், டாங்கிள் விற்பவனிடம் போகவே வேண்டாம்.

இதை எழுதும்போது அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே படம், அதே கேபிள், விற்பவர் பெயர் மட்டும் வேறு. இப்போது 25 சிமுலேட்டராம். செய்தி அனுப்பி, முதலில் உங்களிடம் மோட் 1ஆ மோட் 2ஆ என்று கேட்டால், ஆள் அவன்தான்.