கல்லின் அடர்த்தி: அளவுச்சாடியா, தராசில் தொங்கவிடுவதா?

திணிவைக் கனவளவால் வகுத்தால் அடர்த்தி. அதில் விளக்க ஒன்றுமில்லை. திணிவை எந்த இலத்திரனியல் தராசும் சொல்லிவிடும். வில்லங்கம் முழுவதும் கனவளவில்தான். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பழகியது அளவுச்சாடி. அதற்கு அடுத்தது யுரேக்கா கிண்ணம்: கல்லைப் போட்டதும் அதன் மூக்கு வழியே வழிந்தோடும் நீரை அளப்பது. மூன்றாவது, தராசின் மேல் வைத்த தண்ணீருக்குள் கல்லைத் தொங்கவிடுவது. என் வாக்கு மூன்றாவதற்கு.

அளவுச்சாடியின் குறை கோட்டில் இருக்கிறது. 100 மி.லீ. சாடியில் பெரும்பாலும் 1 மி.லீ.க்கு ஒரு கோடு. திருகோணமலையில் சாதாரணமாகக் கிடைக்கும் குவாட்சைற்றுத் துண்டு ஒன்று 84.6 கிராம் என்று வையுங்கள். (கோணேசர் மலையில் சுத்தியல் போடத் தேவையில்லை, வீதியோரச் சல்லியிலேயே கிடைக்கும்.) தண்ணீர் 50இலிருந்து 82க்கு ஏறினால் அடர்த்தி மி.லீ.க்கு 2.64 கிராம். பிறையுருவை (நீரின் வளைந்த மேற்பரப்பை) கீழிருந்து பார்த்து 81 என்று வாசித்தால் 2.73; மேலிருந்து பார்த்து 83 என்றால் 2.56. குவாட்சைற்றுக்கு 2.65 அளவில் வரவேண்டும், பக்கத்திலே கிடக்கும் நைசு என்ற பாறைக்கு 2.7, 2.8 என்று வரும். ஒரு கோடு பிசகினால் இரண்டையும் பிரித்தறிய வழியில்லை.

பெரிய கல்லை எடுத்தால் பிழை சிறுக்குமே என்று தோன்றும். ஆனால் 100 மி.லீ. சாடியின் வாய் மூன்று சென்ரிமீற்றருக்குள்தான். பெரிய கல் போகாது. அகலமான சாடிக்கு மாறினால் கல் போகும், ஆனால் கோடுகள் 2, 5, 10 மி.லீ. என்று தள்ளித் தள்ளி விழும். இந்த முறைக்குள் இருந்துகொண்டு இதைத் தீர்க்க முடியாது. கல்லை நேரே போட்டுச் சாடியின் அடியை உடைப்பதும் நனைந்த கல்லைப் பிறகு நிறுப்பதும் கவனமிருந்தால் தவிர்க்கக்கூடிய பிழைகள். கோட்டுப் பிழை அப்படியல்ல.

யுரேக்கா கிண்ணத்தில் பெரிய கல்லும் போகும். ஆனால் மூக்கின் நுனியில் கடைசித் துளிகள் விழாமல் நிற்கும். வழிந்த நீரைச் சாடியில் அளக்காமல் தராசில் நிறுத்தால் ஓரளவு திருந்தும். அதற்கும் தராசுதான் வேண்டுமென்றால் கிண்ணம் எதற்கு?

தொங்கவிடும் முறை இப்படி. பிளாஸ்ரிக் கிண்ணத்தில் பாதிக்குத் தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்துப் பூச்சியம் ஆக்குங்கள். கல்லை மெல்லிய தங்கூசியால் (நைலோன் நூலால்) கட்டி, தராசைத் தொடாத ஒரு குறுக்குக் கம்பிலிருந்து இறக்குங்கள். கல் முழுதாக மூழ்க வேண்டும். அடியிலோ பக்கத்திலோ முட்டக்கூடாது. கல்லை நீர் மேலே உதைக்கிறது, அதே அளவுக்குக் கல் நீரைக் கீழே அழுத்துகிறது. ஆகவே தராசு காட்டுவது இடம்பெயர்ந்த நீரின் திணிவு. மேலே சொன்ன துண்டுக்கு அது 31.8 கிராம். இனி நூலைத் தளர்த்திக் கல்லை அடியில் இருக்கவிட்டால் அதே தராசு 84.6 காட்டும், அது கல்லின் திணிவு. 84.6ஐ 31.8ஆல் வகுத்தால் 2.66. 30 பாகை நீரின் அடர்த்தியான 0.9957ஆல் பெருக்க 2.65. தராசு 0.1 கிராம் பிசகினாலும் விடையில் 0.01க்குள்தான் ஆட்டம். பாத்திரம் எவ்வளவு அகலமென்றாலும் கவலையில்லை.

பிழைக்கும் இடங்கள் உண்டு. நகை நிறுக்கும் சின்னத் தராசுகள் பல 200 கிராமோடு நின்றுவிடும். கண்ணாடி முகவையும் தண்ணீருமே அதைத் தாண்டிவிடும், அதனால்தான் பிளாஸ்ரிக். மலிவான தராசு சிறிது நேரத்தில் தானாக அணையும், பூச்சியமும் அதோடு போய்விடும். சணல் கயிறு வேண்டாம், அது நீரையும் காற்றையும் பிடிக்கும். கல்லின் வெடிப்பில் ஒட்டிய குமிழிகளை உள்ளேயே ஆட்டி விடுவியுங்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் யன்னலைச் சாத்தாவிட்டால் கடைசி இலக்கம் நிற்கவே நிற்காது.

சாடிக்கும் ஓர் இடம் உண்டு. கடல் நீரில் அளந்தாலும் அது சரியாகவே சொல்லும். தொங்கவிடும் முறையில் கடல் நீரை நல்ல தண்ணீர் என்று எண்ணிக் கணக்குப் போட்டால் 2.65 என்பது 2.59 ஆகிவிடும். புல்மோட்டை இல்மனைற் மணலை நூலில் கட்டவும் முடியாது. அதற்காக உலர்ந்த மணலைச் சாடியில் கொட்டி அளக்காதீர்கள். இடைவெளிக் காற்றும் சேர்ந்து, 4.7க்குக் கிட்ட வரவேண்டியது எங்கோ கீழே நிற்கும். தண்ணீர் உள்ள சாடியில் சிறிது சிறிதாகக் கொட்டித் தட்ட வேண்டும்.

முருகைக்கல் தனிக் கதை. புறாத்தீவில் கை வைக்கக்கூடாது, அது தேசிய பூங்கா. பழைய மதிலில் உடைந்து விழுந்த துண்டு போதும். முதலில் வெயிலில் காயவைத்து நிறுத்துக்கொள்ளுங்கள். ஓரிரவு நீரில் ஊறவைத்து, மேலே துடைத்துத் தொங்கவிட்டால் துளைகளோடு சேர்ந்த வெளிக் கனவளவு கிடைக்கும். உலர்ந்தபடியே இறக்கினால் தராசின் எண் மெல்ல இறங்கிக்கொண்டே போகும். நின்ற இடத்தில் கிடைப்பது துளைகள் நீங்கிய கனவளவு. எவ்வளவு நேரத்தில் நிற்கும் என்பது துண்டுக்குத் துண்டு மாறும். இரண்டாவது கணக்கின் விடை 2.7க்குக் கீழேயே நின்றால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது.