ஒழுகாமல் காற்றை மட்டும் வாங்கும் டீசல் ஃபில்டர்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

தண்ணீரைப் பிரிக்கும் இந்த டீசல் ஃபில்டரைத் தன் படகிலும் பொருத்தலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். பழுது பார்த்து முடித்த கையோடு எழுதுவதால் என் பதிலில் கோபமும் சற்றுக் கலந்திருக்கும்.

தண்ணீரைப் பிரிப்பதில் இதற்குக் குறையே சொல்ல முடியாது. ஃபில்டரின் கீழ்ப்பகுதியான தெளிவான பவுலின் (கிண்ணத்தின்) அடியில் தண்ணீர் தங்குவது பார்த்த உடனே தெரிகிறது. வடிகால் திருகைத் திறந்தால் வெளியேறிவிடுகிறது. இத்தனை காலத்தில் ஒருமுறைகூட எஞ்சினுக்குள் தண்ணீர் போனதில்லை.

என் புகார் முழுவதும் மேல்மூடியைப் பற்றியது. மூடியின் விளிம்பிலுள்ள பெரிய ரப்பர் வளையத்தை எல்லோரும் கவனிப்பார்கள். மூடியை இறுக்கும் கைப்பிடித் திருகுக்கு அடியில் இன்னொரு சிறிய ஓ-ரிங் ஒளிந்திருக்கிறது. டேங்கிலிருந்து, டீசலை இழுத்து எஞ்சினுக்குத் தரும் லிஃப்ட் பம்ப் வரையுள்ள பாதை, எஞ்சின் ஓடும்போது உறிஞ்சலில் (வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில்) இருப்பதால், அந்த வளையம் கெட்டிப்பட்டுவிட்டால் டீசல் ஒரு சொட்டுகூட வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே புகும். எஞ்சின் உடனே ஸ்டார்ட் ஆகி, சிறிது நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு வேகம் ஏறி இறங்கி நின்றுவிடும். டேங்க் நிறைந்திருக்கும்போது இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. டீசலை ஒரு மீட்டர் உயரம் தூக்க ஏறத்தாழ 0.08 பார் உறிஞ்சல் தேவை. டேங்கில் மட்டம் இறங்க இறங்க அது கூடுகிறது, ஃபில்டருக்குள் டீசலை வடிகட்டும் எலிமெண்ட் அடைக்கத் தொடங்கினால் மேலும் கூடுகிறது. அதனால்தான் எலிமெண்ட்டை மாற்றியதும் கோளாறு தீர்ந்ததாகத் தோன்றி, சில நாளில் திரும்ப வருகிறது.

உறிஞ்சலின் அளவைக் காட்டும் வேக்குவம் கேஜின் முள் உயர்ந்து நின்றால் அடைப்பு என்று கொள்ளலாம். முள் தாழ்ந்திருக்க எஞ்சின் தடுமாறினால் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். தனிக் கேனில் டீசல் ஊற்றி, எஞ்சினைவிட உயரத்தில் வைத்து, நேராக லிஃப்ட் பம்ப்புக்குக் கொடுத்தபோது எஞ்சின் பிசகாமல் ஓடியது. ஆகவே கோளாறு பம்ப்புக்கு முன்னால்தான். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் தற்காலிகமாக இணைத்த தெளிவான ஹோஸ் துண்டுகளில், முன்னதில் டீசல் சுத்தமாக வந்தது, பின்னதில் குமிழிகள் ஓடின. (சோதனை முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும், எஞ்சின் அறையில் நிரந்தரமாக இருக்க வேண்டியது ஐஎஸ்ஓ 7840 தரமுள்ள, தீயைத் தாங்கும் ஹோஸ்தான்.)

பவுலின் வடிகால் திருகு காற்று வாங்கினால் குமிழிகள் மேலெழுவது தெரியும். மூடி வாங்கும் காற்று பவுலுக்கு இறங்குவதே இல்லை, உச்சியிலேயே தேங்குகிறது. டேங்க் வால்வை மூடிவிட்டு, ஃபில்டரின் மேல்மூடியைத் திறந்து பார்த்தபோது விளிம்புவரை இருக்க வேண்டிய டீசல் நன்றாகவே தாழ்ந்திருந்தது. ஓ-ரிங்கை மாற்றி, டீசல் தடவிப் பொருத்திய பிறகு எஞ்சின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

இவ்வளவு நல்ல ஃபில்டரில் இவ்வளவு முக்கியமான வளையத்தைக் கண்ணில் படாத இடத்தில் வைத்திருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நண்பருக்கு என் பதில், வேண்டாம் என்பதுதான். ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்கள், எலிமெண்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைக் கழற்றி அந்தச் சிறிய வளையத்தையும் மாற்றிவிடுங்கள்; ஹோஸ், கிளிப் என்று தேடி அலைவதற்கு முன் அங்கே பாருங்கள்.