வேளாண் பொருளாதாரத்தில் எம்.எஸ்சி. எடுக்கலாமா? படித்து முடித்தவளின் மதிப்புரை

பி.எஸ்சி. அக்ரி நான்காம் வருடத்தில் இருக்கும் தம்பி தங்கைகள் ஒவ்வொரு ஆண்டும் இதே கேள்வியோடு கூப்பிடுகிறார்கள். "அக்கா, அக்ரானமி போகலாமா, எகனாமிக்ஸ் போகலாமா, எகனாமிக்ஸ் எடுத்தா வேலை இருக்கா?" போனில் ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் முழுதாக ஒருமுறை எழுதிவிடுகிறேன். நான் படித்த கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சில குறைகளைச் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது, அவை பல இடங்களிலும் இருக்கிற குறைகள்தான் என்று மற்ற கல்லூரிகளில் படித்த நண்பர்களிடம் பேசியபோது தெரிந்துகொண்டேன். இது படிப்பைப் பற்றிய மதிப்புரை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மதிப்பெண்: ஐந்துக்கு நான்கு. அந்த நான்கில் மூன்று, இரண்டாம் வருடத்தில் ஊர் ஊராகப் போய் விவசாயிகளோடு உட்கார்ந்து கணக்கு எழுதியதற்கு.

இரண்டு வருடப் படிப்பு, இப்போதைய பாடத்திட்டப்படி மொத்தம் 70 கிரெடிட், அதில் ஆய்வேட்டுக்கு மட்டும் 30. முதல் வருடம் வகுப்புகள், தேர்வுகள், அதற்கப்புறம் ஆய்வேடுதான். வகுப்பில் வருவது நுண்பொருளியல், பேரியல் பொருளியல், பண்ணை உற்பத்திப் பொருளியல், விற்பனையும் விலையும், வேளாண் கடன், இயற்கை வளப் பொருளியல், அப்புறம் எல்லோரும் பயப்படுகிற எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரத் தரவைப் புள்ளியியல் கொண்டு அலசுகிற பாடம்.

பயம் நியாயமானதுதான். பி.எஸ்சி. அக்ரிக்கு வருபவர்களில் நிறையப் பேர் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலில் மனதை வைத்தவர்கள், வந்த பிறகு நான்கு வருடம் கணக்கைத் தொட்டது குறைவு. திடீரென்று முதல் செமஸ்டரிலேயே வகைக்கெழுவும் மேட்ரிக்ஸும் வந்து நிற்கும். எங்கள் வகுப்பில் எகனாமெட்ரிக்ஸ் எடுத்த விதம் எனக்குப் பெரிய ஏமாற்றம். சூத்திரத்தைப் பலகையில் எழுதி, அதை நிரூபித்து, அதையே தேர்வில் கேட்டார்கள். ஒரு முறைகூட உண்மையான தரவைக் கணினியில் ஏற்றி ஓடவிட்டு, இந்த எண் ஏன் இப்படி வந்தது, இதை நம்பலாமா கூடாதா என்று பேசியதில்லை. ஆய்வேடு எழுதும்போதுதான் சீனியர் ஒருவர் விடுதி அறையில் உட்கார்த்தி வைத்து இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்தார், அன்றுதான் ஒரு ரிக்ரெஷன், அதாவது ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணக்கிடும் முறை, என்றால் என்ன என்று புரிந்தது. அந்த ஒரு மதிப்பெண் இங்கேதான் குறைகிறது. சேருகிறவர்கள் சேருவதற்கு முன்பே பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வகைநுண்கணிதம், அணிகள் இரண்டையும் பார்த்துவிடுங்கள், ஆர் என்கிற புள்ளியியல் மென்பொருள் இலவசம், அதில் கொஞ்சம் கை பழகிக்கொள்ளுங்கள். வகுப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பண்ணை உற்பத்திப் பொருளியல் நேர் எதிர். இந்த ஒரு பாடத்துக்காகவே நான் இந்தப் படிப்பை மற்றவர்களுக்குச் சொல்வேன். பி.எஸ்சி.யில் நாம் படித்ததெல்லாம் எத்தனை கிலோ தழைச்சத்து போட்டால் அதிகபட்ச மகசூல் வரும் என்பது. இங்கே கேள்வி மாறுகிறது: கடைசியாகப் போட்ட அந்த ஒரு கிலோ உரம், தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுத்ததா? அப்படிப் பார்த்தால் அதிகபட்ச மகசூலுக்குக் கொஞ்சம் முன்பே நின்றுவிடுவதுதான் விவசாயிக்கு லாபம், உர விலை ஏறினால் இன்னும் முன்னால், விளைபொருள் விலை ஏறினால் கொஞ்சம் தள்ளி. என் அப்பா பல வருடமாக "போதும்மா, இதுக்கு மேல போட்டா கட்டாது" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது உறைத்தது. சிபாரிசு அளவைவிடக் குறைவாகப் போடுகிறாரே என்று நான் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். அன்று மாலையே போன் செய்து அவரிடம் சொன்னேன்.

அடுத்தது சாகுபடிச் செலவுக் கணக்கு. குறைந்தபட்ச ஆதரவு விலை பற்றிச் செய்தியில் வரும்போதெல்லாம் ஏ2, எஃப்.எல்., சி2 என்று எழுத்துகளாகப் பேசுவார்களே, அது முழுசாகப் புரிவது இங்கேதான். ஏ1 என்பது விவசாயி பணமாகவும் பொருளாகவும் செய்த செலவு: விதை, உரம், கூலி ஆள், டிராக்டர் வாடகை, நடப்பு மூலதனத்துக்கு வட்டி, கருவிகளின் தேய்மானம் இப்படி. குத்தகைக்கு எடுத்த நிலத்துக்குக் கொடுக்கும் வாரத்தைச் சேர்த்தால் ஏ2. அதோடு வீட்டு ஆட்களின் உழைப்புக்கு ஒரு விலை போட்டுச் சேர்த்தால் ஏ2 கூட்டல் எஃப்.எல். சொந்த நிலத்துக்கான வாடகை மதிப்பு, சொந்த முதலுக்கான வட்டி எல்லாம் சேர்ந்தால் சி2. எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் 2006இல் செலவுக்கு மேல் குறைந்தது 50 சதவீதம் வைத்து ஆதரவு விலை தர வேண்டும் என்று சொன்னது. 2018 பட்ஜெட்டில் ஒன்றரை மடங்கு என்று அறிவித்தபோது அது எந்தச் செலவின் மேல் ஒன்றரை மடங்கு என்பதுதான் சண்டையே. அரசு ஏ2 கூட்டல் எஃப்.எல். மேல் கணக்கிடுகிறது, விவசாயச் சங்கங்கள் சி2 மேல் கேட்கின்றன. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பணம் சின்னதல்ல.

சரி, இதெல்லாம் புத்தகத்திலும் படிக்கலாம். படிக்க முடியாதது களம்.

என் ஆய்வேடு சின்ன வெங்காயம், பெரம்பலூர் மாவட்டம். கையில் பதினான்கு பக்கக் கேள்விப்பட்டியல், ஒரு நாளைக்கு நான்கு பேரைப் பார்த்தால் பெரிய விஷயம். செட்டிகுளம் பக்கத்தில் ஒரு அம்மா, வயது அறுபதுக்கு மேல் இருக்கும், வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயத்தில் தாள் அறுத்துக்கொண்டிருந்தார். நான் கேட்கக் கேட்கக் கை நிற்கவில்லை. விதை வெங்காயம் எத்தனை மூட்டை, என்ன விலைக்கு எடுத்தது, மருந்து எத்தனை தடவை, எல்லாம் தேதியோடு சொன்னார். என் படிவத்தில் எல்லாம் ஹெக்டேருக்குக் குவிண்டால் கணக்கில் இருக்கிறது, அவர் சொல்வதெல்லாம் ஏக்கர், மூட்டை, வண்டி. மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று கேட்டேன். வாங்கும்போது ஒரு எடை, மண்டியில் போடும்போது கழிவு போக ஒரு எடை என்றார். அதைக் கேட்காமல் விட்டிருந்தால் என் கணக்கு முழுக்கத் தப்பாகியிருக்கும்.

அப்புறம் குடும்ப உழைப்புப் பக்கம் வந்தது. நடவுக்கு வீட்டில் எத்தனை பேர், எத்தனை நாள்? அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "ஏங்கண்ணு, எங்க வீட்டு வேலைக்கு நாங்களே கூலி போட்டுக்குவோமா?" என்றார். நான் விளக்கினேன்: இதே நாட்களில் நீங்கள் வேறு காட்டுக்கு வேலைக்குப் போயிருந்தால் கூலி வந்திருக்கும் இல்லையா, அதைத்தான் கணக்கில் எழுதுகிறோம். அப்போதுதான் கத்தியைக் கீழே வைத்தார். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார், களை எடுத்தது, தண்ணி கட்டினது, அறுவடை, தாள் அறுப்பு, பட்டறை போட்டது, இரவில் மழைக்குப் பட்டறையைப் போய் மூடினது. தனக்கு மட்டும் 37 நாள் வந்தது. அதை அந்த ஊர்ப் பெண்கள் கூலியால் பெருக்கி அவர் முன்னாலேயே வருமானத்தில் கழித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இந்த வருசம் நான் சும்மாதான் வேலை செஞ்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார், மறுபடியும் கத்தியை எடுத்துக்கொண்டார். நான் அடுத்த கேள்வியைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன், மீதியை மறுநாள் போய் எழுதினேன்.

2018-19க்கான தேசிய மாதிரி ஆய்வில் இந்திய விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய் என்று வந்தது. கையிலிருந்து போகாத செலவுகளுக்கும் விலை போட்டுக் கழித்தால் அதே வருமானம் 8,337 ஆகிவிடுகிறது. முதல் எண்ணிலும்கூடப் பயிரிலிருந்து வருவது 3,798, கூலி வேலையிலிருந்து வருவது 4,063. இந்த அட்டவணையை முதல் வருடத்தில் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். அந்த அம்மாவைப் பார்த்த பிறகு அதை அப்படிப் படிக்க முடியவில்லை.

இப்படி ஊருக்குப் போய் எண்ணி எழுதுவது நம்மிடம் பழைய வழக்கமும்கூட. சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கிலேயே மாணவர்களைத் தங்கள் ஊர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்தார். இருவேல்பட்டு, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம், தூசி என்று அந்தக் கிராமங்களின் பெயர்கள் இன்றும் ஆய்வுகளில் வருகின்றன, பின்னால் வந்தவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் என்ன மாறியது என்று பார்த்திருக்கிறார்கள். எங்களுக்கு இதை யாரும் வகுப்பில் சொல்லவில்லை, நானே நூலகத்தில் கண்டுபிடித்தேன். முதல் வாரத்திலேயே சொல்லியிருக்க வேண்டிய விஷயம்.

ஆய்வேடு எழுதும் விதத்தில் எனக்கு இன்னொரு வருத்தம். 120 விவசாயிகள், உரம், கூலி போன்றவற்றுக்கும் விளைச்சலுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட ஒரு காப்-டக்ளஸ் சமன்பாடு, கடைசியில் பிரச்சினைகளை வரிசைப்படுத்த ஒரு காரெட் ரேங்கிங், முடிந்தது என்று ஓர் அச்சு இருக்கிறது. பயிர் பெயரையும் மாவட்டத்தையும் மாற்றினால் போன வருட ஆய்வேடு இந்த வருட ஆய்வேடாகிவிடும். அந்த முறைகளில் தப்பில்லை, ஆனால் கேள்வி முதலில் வர வேண்டும், முறை அப்புறம்தான். என்னுடைய முதல் தலைப்பு மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயிகளுக்கும் வாங்காதவர்களுக்கும் கிடைக்கிற விலை வித்தியாசம். "தரவு கிடைக்காது, டைம் ஆகும்" என்று மாற்றச் சொல்லிவிட்டார்கள். களத்தில் நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் அந்த முன்பணத்தைப் பற்றித்தான் தாங்களாகவே பேசினார்கள். அதற்கு என் படிவத்தில் இடமே இல்லை, ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டேன்.

விற்பனைப் பாடத்துக்காக ஒழுங்குமுறை விற்பனைக்கூடம், உழவர் சந்தை, கமிஷன் மண்டி மூன்றுக்கும் கூட்டிப்போனார்கள், நன்றாக இருந்தது. உழவர் சந்தை 1999இல் மதுரையில் தொடங்கியது, இடைத்தரகர் இல்லாமல் விற்கிற இடம். நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயிக்கு எவ்வளவு போகிறது என்று மூன்று இடத்திலும் நாங்களே போட்டுப் பார்த்தோம். மண்டிக்காரர்களை வில்லன்களாகவே நினைத்துக்கொண்டு போனவள் நான். ஆனால் பத்து மூட்டையை ஒரே நாளில் எடுத்துக்கொண்டு, அவசரத்துக்குக் கடனும் தருகிற ஆள் ஊரில் வேறு யார் என்று கேட்டால் பதில் சுலபமில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

வேலை விஷயத்துக்கு வருகிறேன், எல்லோரும் இதற்காகத்தான் படித்துக்கொண்டு வந்திருப்பீர்கள். வங்கியில் அக்ரி ஃபீல்டு ஆபீசர் ஆவதுதான் குறி என்றால் பி.எஸ்சி. போதும், அந்தத் தேர்வுக்கு இப்போதே உட்காருங்கள், இரண்டு வருடத்தை இங்கே செலவழிக்காதீர்கள். வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் கிரேடு ஏ அதிகாரி தேர்வுக்கு இந்தப் படிப்பு நன்றாகக் கைகொடுக்கும், கட்டாயம் இல்லை, ஆனால் கிராமக் கடன், கூட்டுறவு, கொள்கை என்று அங்கே கேட்பதெல்லாம் இங்கே படிப்பதுதான். பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் முனைவர் பட்டமும் என்று வழி நீளம், வீட்டில் அதைத் தாங்குகிற நிலை இருக்கிறதா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஆராய்ச்சி நிறுவனங்களில் திட்ட அடிப்படையில் வேலை கிடைக்கும், கற்றுக்கொள்ள அருமையான இடங்கள், திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நான் இப்போது ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கணக்கும் விற்பனையும் பார்க்கிறேன். சம்பளம் வங்கியில் இருக்கிற என் வகுப்புத் தோழிகளைவிடக் குறைவு. தினமும் படித்ததைப் பயன்படுத்துகிறேன், அது எனக்குப் பெரிய திருப்தி.

ஆக, யாருக்கு இந்தப் படிப்பு? பக்கத்துக் காட்டில் கத்தரிக்காய் விலை சரிந்தபோது ஏன் சரிந்தது என்று ராத்திரி முழுக்க யோசித்தவர்களுக்கு. முன்பின் தெரியாத வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசக் கூச்சப்படாதவர்களுக்கு. எம்.பி.ஏ. அக்ரி பிசினஸோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அங்கே கேள்வி நிறுவனத்தின் பக்கத்திலிருந்து வரும். எம்.ஏ. பொருளாதாரத்தில் கோட்பாடு இதைவிட ஆழமாகக் கிடைக்கும், ஆனால் பயிர் தெரியாதவர்களால் மேலே சொன்ன மூட்டைக் கணக்கைக் கேட்டு வாங்க முடியாது.

சேருவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் போகப்போகிற துறையின் நூலகத்துக்குப் போய்க் கடைசி மூன்று வருட ஆய்வேடுகளை எடுத்துப் பாருங்கள். முடிவுரையை விட்டுவிடுங்கள், நேராகப் பின்னிணைப்புக்குப் போங்கள், அங்கே கேள்விப்பட்டியல் இருக்கும். மூன்று வருடமும் ஒரே படிவம் பிரதியெடுக்கப்பட்டிருந்தால் வேறு கல்லூரியைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் புதிதாக நான்கு கேள்வியாவது இருந்தால், அதைக் கேட்க வைத்த கைடு யார் என்று பெயரைக் குறித்துக்கொண்டு அவரைப் போய்ப் பாருங்கள்.